மூன்று பங்குக் கணினியும் நாற்பத்தொரு சிரிப்பும்

1

மனிதர்கள் இரண்டே வகை. புதிதாகச் செய்பவர்கள், பழையதைப் பழுது பார்ப்பவர்கள். உலகம் முதல் வகையால்தான் நடக்கிறது. நான் முதல் வகை. எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் வாக்கியங்கள் பிறக்கும்போதே பல்லோடு பிறக்கின்றன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இந்தக் கதை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. மருந்துக்கடையில் மூன்று நாள் மாத்திரையைப் போட்டுக் கொடுப்பார்களே, அந்த அளவு பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைக்க வேண்டிய ஒரு சீட்டு. இரண்டு விரல் அகலம். ஒரு வரி போதும் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

2

தொடக்கம் ஒன்று: ‘கானாடுகாத்தானில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது.’

பெய்யவில்லை. சித்திரை மாதம். காக்கை கூடக் குழாயடியில் நின்றது.

தொடக்கம் இரண்டு: ‘அந்தப் பெரிய வீட்டின் தேக்குக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தபோது’

கதவு கிறீச்சிடாது. மாதத்துக்கு ஒரு தடவை படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிற வீடு. கீல்களுக்கு எண்ணெய் போட ஆள் இருக்கிறது. கிறீச்சென்ற சத்தம் வேண்டுமென்றால் அதைப் பின்னால் சேர்த்துக்கொள்கிறார்கள்.

தொடக்கம் மூன்று: ‘காரைக்குடியில் பழைய கணினிகளை உயிர்ப்பிக்கும் கழகம் ஒன்று உண்டு. மொத்தம் இரண்டு பேர். ஒருவர் தலைவர், மற்றவர் செயலாளர். உறுப்பினர் பதவி காலியாக இருக்கிறது.’

இது நன்றாக இருக்கிறது. இது ஏற்கெனவே நான் எழுதியதுதான். எங்கள் கல்லூரியின் இணைய இதழில் ‘வெத்துத்திரை’ என்ற தலைப்பில் வந்த கட்டுரையின் முதல் நான்கு வரி. நிறையப் பேர் சிரித்தார்கள். எத்தனை பேர் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். இந்தக் கதையே அந்த எண்ணிக்கையைப் பற்றியதுதான்.

(அடித்த வாக்கியங்களை ஏன் அப்படியே விட்டிருக்கிறாய் என்று கேட்பீர்கள். அழிப்பதும் ஒரு வகைத் திருத்தம். பகுதி ஒன்றைப் பார்க்க.)

3

தலைவர் பெயர் தாஹா. வயது ஐம்பத்திரண்டு. செக்காலை ரோட்டில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையின் பின்பக்கம் வேறு வேலை நடக்கும். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய கணினிகளைத் திறந்து, துரு எடுத்து, ஊதிப்போன பேட்டரியைக் கழற்றி, பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஓட வைப்பார். ஓடிய பிறகு அது என்ன செய்யும் என்றால், ஓடும். அவ்வளவுதான்.

செயலாளர் சௌபர்ணிகா. என் வகுப்பு. மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு. அவளைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது: கதைக்கு இவள் தேவையா, அல்லது எனக்குத்தான் தேவையா? இந்த வரியை அவளிடமே படித்துக் காட்டினேன்.

“என்னை எடுத்துரு. உனக்கு யாரு அப்புறம் சால்டரிங் பத்திச் சொல்லித் தருவான்னு பாப்போம்,” என்றாள்.

அதனால் இருக்கிறாள்.

கட்டுரைக்குச் செய்தி சேகரிக்கத்தான் நான் அந்தக் கடைக்குப் போனேன். அன்று தாஹா ஒரு பலகையிலிருந்து செத்துப்போன கெபாசிட்டர் ஒன்றைக் கழற்றினார். சுண்டைக்காய் அளவு. அதை எறியாமல் ஒரு மாத்திரைக் கவரில் போட்டு, ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்தார். ‘கழற்றியது: கெபாசிட்டர் 4. தேதி. காரணம்: ஒழுகல்.’ பிறகு அந்தக் கவரை அந்தக் கணினியின் பெட்டிக்குள்ளேயே ஓர் ஓரத்தில் ஒட்டினார்.

“செத்த பொருளுக்கு எதுக்குண்ணே அடையாள அட்டை?” என்று கேட்டேன்.

“அடுத்துத் திறக்கிறவன் வைவான்ல. எவன் இதைக் கழட்டுனான், எதுக்குக் கழட்டுனான்னு. அவனுக்குப் பதில் சொல்லணும்ல.”

“அடுத்து யாரு திறக்கப் போறா?”

“அதைத்தான் இதைச் செஞ்சவனும் நினைச்சிருப்பான். நீ இப்ப மண்டைய உள்ள விட்டுப் பாத்துக்கிட்டு இருக்க.”

எந்தப் பழைய பாகமும் எறியப்படாது. இதுதான் கழகத்தின் ஒரே விதி. ஒரு பெட்டிக்குள் பல்லி முட்டை ஓடு இரண்டு கிடைத்தது. அதற்கும் கவர். சௌபர்ணிகாவின் கையெழுத்தில் சீட்டு: ‘காரணம்: குடி மாறியது.’

என் கட்டுரையில் இதற்கு மட்டும் இரண்டு பத்தி ஒதுக்கினேன். செத்த பாகத்துக்குக் கல்லறை கட்டுகிறவர்கள் என்று எழுதினேன். அந்த இடத்தில்தான் அதிகம் சிரித்ததாக விடுதியில் சொன்னார்கள்.

4

[இந்தப் பகுதியில் சௌபர்ணிகாவும் நானும் பழைய பேருந்து நிலையத்தில் ஒரே குடைக்குள் நின்றோம். கழற்றியவர்: சௌபர்ணிகா. காரணம்: பொய்.]

5

இனி அந்தக் கணினி.

1989இல் கானாடுகாத்தான் செட்டியார் ஒருவர் காரைக்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கினார். அதற்கென ஒரு கணினியை வரவழைத்தார். விசைப்பலகைக்குள்ளேயே மொத்த மூளையும் இருக்கும் வகை. தனியாக ஒரு திரை. தனியாகக் கரண்டு கொடுக்கும் ஒரு கனத்த பெட்டி. நிரல்களைச் சேமிக்க, பாட்டுக் கேட்கிற அதே டேப் ரெக்கார்டர்.

அங்கே மாதச் சம்பளம் கட்டிப் படித்தவர்களில் பதினாறு வயது தாஹாவும் ஒருவர். அந்தக் கணினிக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். தாஹா கட்டம் போட்ட நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தமிழ் எழுத்தாகப் புள்ளி வைத்தார். எழுத்துகளை வைத்துக்கொள்ள அதன் மூளையில் இடம் போதவில்லை. கையால் பற்றவைத்த ஒரு சின்னப் பலகையை உள்ளே சேர்த்தார். செட்டியார் அனுமதித்தார். நான்கு மாதம். எல்லாம் ஒரு டேப்பில்.

வகுப்புகள் தொடங்கிச் சில மாதம் கழித்தே நடந்த சென்டரின் திறப்பு விழாவில் திரையில் தமிழில் வரவேற்பு வரும் என்று செட்டியார் நோட்டீஸே அடித்துவிட்டார். ஊரே வந்தது. டேப் ஓடியது. திரை வெள்ளையாக நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். செட்டியாரின் மகன்கள் மூன்று பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். மூத்தவர்தான் முதலில் சொன்னாராம்: “வெத்துத்திரை.”

அந்தப் பெயர் தாஹாவிடம் தங்கிவிட்டது. இன்றும் அவருடைய கடைக்கு வழி கேட்டால், பெயர்ப்பலகையில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. “வெத்துத்திரை கடையா, அங்குட்டுப் போங்க,” என்பார்கள். சொல்பவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதுகூடத் தெரியாது. இன்னும் மறக்காதவர்கள் அந்த மூன்று மகன்கள்.

“மறுநாள் காலையில ஓடுச்சு. நாலு வரி தமிழ்ல வந்துச்சு,” என்றார் தாஹா.

“யாரு பாத்தாக?”

“நான் பாத்தேன்.”

இதை நான் கட்டுரையில் எப்படி எழுதியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

5 (மறுபடியும், கதைக்குத் தேவையான ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்)

செட்டியார் காலமானார். பாகப்பிரிவினை நடந்தது. தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா எல்லாம் மூன்றாகப் பிரிந்தன. கணினியும் மூன்றாகப் பிரிந்தது.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பத்திரத்தில் இருக்கிறது. மூத்தவர் லட்சுமணனுக்குத் திரை. அதுதான் கணினி என்று அவர் நினைத்தார். நடுவிலவர் ராமநாதனுக்கு விசைப்பலகை. இளையவர் சொக்குவுக்குக் கரண்டுப் பெட்டி. எடை குறைகிறது என்று அவர் வருத்தப்பட்டதால் டேப் ரெக்கார்டரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இருபது வருடமாக ஒரு கணினி சென்னையிலும் காரைக்குடியிலும் கோயம்புத்தூரிலும் ஒரே நேரத்தில் வசித்து வந்தது.

(கதைக்கு மூன்று சகோதரர்கள் அதிகம். ராமநாதனையும் சொக்குவையும் ஒருவராக்கிவிடலாமா என்று யோசித்தேன். பதிவு செய்த பத்திரத்தில் மூன்று கையெழுத்து இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

வேறு திரையை மாட்டலாம், வேறு கரண்டுப் பெட்டியைச் செய்யலாம். தாஹாவின் பலகை பற்றவைக்கப்பட்ட மூளை ராமநாதனிடம்தான் இருந்தது, அவரும் காரைக்குடியில்தான் இருந்தார். தாஹா போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன்.

“துடைக்கலாம். ஒட்டலாம். கெட்டதைக் கழட்டி நல்லதைப் போடலாம். ஞாயித்துக்கிழமை வாங்க, காப்பி தாரேன்,” என்றார் ராமநாதன். “கரண்டு மட்டும் கொடுக்கக் கூடாது.”

“கரண்டு கொடுக்காம ஓடுதான்னு எப்படிண்ணே பாக்குறது?” என்று கேட்டார் தாஹா.

“எரிஞ்சு போச்சுன்னு வையி. என் பங்கு மட்டும் சாம்பலாயிரும். அவுக ரெண்டு பங்கும் முழுசா நிக்கும். அது எந்த ஊரு நியாயம்? மூணும் ஒண்ணு சேரட்டும். எரிஞ்சா மூணும் சேந்து எரியட்டும்.”

தாஹா சரி என்றார். வெளியே வந்ததும் நான் கேட்டேன்: “அவரு காப்பி போட உள்ள போற நேரத்துல ஒரு நிமிஷம் மாட்டிப் பாத்துரலாமேண்ணே?”

“பாக்கலாம். அப்புறம் ஓடுனா யாருகிட்டச் சொல்றது?”

ஐந்து மாதம் ஞாயிறுதோறும் அவரும் சௌபர்ணிகாவும் அங்கே போய், ஓடுமா ஓடாதா என்று தெரியாமலே ஒரு கணினியைப் பழுது பார்த்தார்கள். உள்ளே ஒட்டிய கவர் மட்டும் பதினான்கு. மூன்று பங்கும் ஓர் இடத்தில் சேரும் நாள் ஒன்றுதான் இருந்தது: படைப்பு. முன்னோர்களுக்குச் சேலையும் வேட்டியும் வைத்துப் படைத்து, வெளியூர்ப் பங்காளிகள் எல்லோரும் பூர்வீக வீட்டில் கூடிச் சாப்பிடும் நாள். அடிக்கடி வராது. போன தடவை நடந்து ஒன்பது வருடம். இந்தத் தடவை மூன்று பேரும் அவரவர் பங்கைக் கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டார்கள். சாயங்காலம் திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள்.

ஆக, ஒரு மதியம். அன்று சிரித்த அதே மூன்று பேர் முன்னால்.

6

பந்தி முடிந்தது. கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் ஒரு பெஞ்சைப் போட்டோம். லட்சுமணனின் திரை காரின் பின்சீட்டில் போர்வை சுற்றி, சீட் பெல்ட் போட்டு வந்திருந்தது. சொக்குவின் பெட்டி கட்டைப்பையில் வந்தது. ராமநாதன் தன் பங்கை இரண்டு கையாலும் பிள்ளையைப் போலத் தூக்கி வந்து வைத்தார்.

“ஏன்டா தாஹா, வரவேற்பு வருமா, இல்ல அன்னைக்கு மாதிரியா?” என்றார் லட்சுமணன்.

“வரும்ணே.”

“நாலு மணிக்குக் கார் வருது,” என்றார் அவர் மனைவி விசாலம். “ராத்திரிக்குள்ள சென்னை போகணும். எதுனாலும் அதுக்குள்ள வரச் சொல்லுங்க.”

டேப் ரெக்கார்டரைத் திறந்தால் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகித் தாராகியிருந்தது. தாஹா இதை எதிர்பார்த்திருந்தார். டேப்பில் இருப்பது வெறும் சத்தம்தான். தேனீக்கூட்டம் கோபப்பட்டால் எப்படி இருக்குமோ அப்படி. தன்னிடமே இருந்த டேப்பிலிருந்து அந்தச் சத்தத்தை முன்பே செல்போனில் பதிந்து வைத்திருந்தார். போனிலிருந்து ஒரு வயர் கணினிக்குப் போனால் போதும். ஆறு நிமிடம் சத்தத்தைக் கேட்டு, கணினி அதை எழுத்தாக மாற்றிக்கொள்ளும்.

ஆனால் அவருடைய போனில் அந்த வயர் சொருகுகிற ஓட்டை இல்லை. சௌபர்ணிகாவினுடையதிலும் இல்லை. புதுப் போன்களில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் அன்று அந்த ஓட்டை உள்ள பழைய போன் ஒன்றே ஒன்று. என்னுடையது.

“பழசுக்கு இப்படி ஒரு மரியாதை வரும்னு நினைக்கலைல்ல?” என்றாள் சௌபர்ணிகா. தாஹாவின் போனிலிருந்த ஒலிக்கோப்பை என் போனுக்கு அனுப்பினாள். “ஃபிளைட் மோட்ல போட்டுரு. நடுவுல ஒரு டிங் வந்தாலும் அதையும் சேத்து உள்ள எடுத்துக்கும். எல்லாம் போச்சு.”

“போட்டாச்சு,” என்றேன்.

7

போடவில்லை.

[இந்த ஒரு வார்த்தைதான் அந்தச் சீட்டில் எழுத வேண்டியது. இதற்குப் பதினோரு நாள்.]

காரணம் இது. அன்று மதியம் இரண்டு ஐம்பதுக்கு, இலையிலிருந்து எழுந்து கை கழுவிய ஈரத்தோடு, ‘வெத்துத்திரை’ கட்டுரையை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். எப்படியும் திரை வெள்ளையாகத்தான் நிற்கப் போகிறது, நின்றதும் ஒரு படம் பிடித்து அதற்குக் கீழே போடலாம் என்பது திட்டம். யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. எழுத்தாளனுக்கு வாசகர் முக்கியம்.

8

மூன்று எட்டுக்குத் தாஹா கரண்டு கொடுத்தார். ராமநாதன் கண்ணை மூடிக்கொண்டார். எதுவும் எரியவில்லை. திரை மெல்லச் சாம்பல் நிறமாகி, ஒரு மூலையில் சின்னக் கட்டம் ஒன்று துடித்தது. சொக்கு, “அட,” என்றார்.

போனை வயரில் மாட்டி, பெஞ்சில் குப்புற வைத்தேன். திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின. மூன்று நிமிடம். நான்கு.

கோடுகள் நின்றன. திரை வெள்ளையானது.

“மறுபடி போடுறேன்,” என்றார் தாஹா. வயரைத் துடைத்தார். சத்தத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். மூன்று இருபது. நான் போனை எடுத்து மறுபடி ஓடவிட்டபோது கவனித்தேன். மேலே வரிசையாக அறிவிப்புகள். மஞ்சள் முகங்கள், கண்ணில் நீர் வழியச் சிரிப்பவை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது: இதுவாக இருக்காது. பெருமைப்படுகிறவனுக்குக் கணக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

கணினி என் நண்பர்களின் சிரிப்பையும் எழுத்து என்று நினைத்து வாசித்தது. புரியாமல் நின்றுவிட்டது. இந்தத் தடவை ஐந்தாவது நிமிடம்.

வெள்ளைத் திரை.

“அன்னைக்கும் இப்படித்தான்,” என்றார் லட்சுமணன். கேலியாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

“நீங்க நூறு தடவை சொல்லியிருக்கீக,” என்றார் விசாலம். “இப்பத்தான் நேர்ல பாக்குறேன்.”

தாஹா விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. அந்தப் பதினாறு வயது முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் கற்பனை செய்ய வேண்டிய தேவை இல்லாமல் போனது.

நான் போனை எடுத்தேன். ஃபிளைட் மோட் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. அதே நேரம் வாசலில் கார் ஹாரன் அடித்தது. அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது.

9

“இன்னொரு ஆறு நிமிஷம்ணே,” என்றார் தாஹா.

“ஆறு வருஷம் கேட்டாலும் கொடுப்பேன்டா. திருச்சி ரோட்டுல வேலை நடக்குது, டிரைவர் சுத்திப் போகணுங்கிறான்.” லட்சுமணன் தாஹாவின் தோளைத் தட்டினார். உண்மையான பிரியத்தோடுதான் தட்டினார். திரையின் வயரைப் பிடுங்கினார். போர்வை, சீட் பெல்ட், கார். போய்விட்டார்கள்.

பெஞ்சில் திரை இருந்த இடம் காலியாக இருந்தது.

“திரைதான் போயிருச்சே. அணைச்சிரு தாஹா,” என்றார் ராமநாதன். “இனிமே எரிஞ்சா ரெண்டு பங்குதான் எரியும்.”

சொக்கு ஒரு தட்டில் சீப்புச்சீடை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “என் பங்கு இன்னும் இங்கதானண்ணே இருக்கு,” என்றார். “நான் இதைத் தின்னு முடிக்கிற வரைக்கும் ஓடட்டும்.”

தாஹா திரையில்லாத கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பார்க்காமலே கட்டளையைத் தட்டினார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஓடவிட்டேன்.

ஓரக்கோடுகளைப் பார்க்கக்கூட வழியில்லை. ஆறு நிமிடமும் சொக்கு சீடையைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் மெதுவாகக் கடித்தார். வேண்டுமென்றேதான் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் கணினி ஒரு தடவை ‘பீப்’ என்றது.

சௌபர்ணிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன சத்தம்?” என்றார் சொக்கு.

“ஏறிருச்சுன்னு அர்த்தம்,” என்றார் தாஹா.

“என்ன ஏறிருச்சு?”

“எழுத்து.”

“எங்க?”

“உள்ள.”

சொக்கு காலி இடத்தைப் பார்த்தார். “அன்னைக்கு வெத்துத்திரைன்னோம். இன்னைக்குத் திரையே இல்ல.”

தாஹா விசைகள் மேல் குனிந்தார். இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். நிறுத்தி நிறுத்தி, ஒரு விசையைத் தேடி, தட்டி, அடுத்ததைத் தேடி. நான் எண்ணினேன். பதினேழு தட்டல். பிறகு பெரிய விசையை ஒரு தடவை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் காலி இடத்தை, திரை இருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன எழுதுன?” என்றார் சொக்கு. கடைசிச் சீடை கையிலேயே இருந்தது.

“படிக்கத் தெரியலையா?”

“திரையத்தான் அண்ணன் தூக்கிட்டுப் போயிட்டாகளே.”

“அப்ப அடுத்த படைப்புக்கு வாரப்பப் பாத்துக்கங்க.”

சொக்கு சீடையை வாயில் போட்டார். கரண்டை அணைத்து, பெட்டியைக் கட்டைப்பையில் வைத்தார். உள்ளே இருந்த பதினேழும் அந்த நொடியில் போய்விட்டன. எதுவும் எரியவில்லை என்பதில் ராமநாதனுக்கு ரொம்பத் திருப்தி.

10

மாற்று முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அ) விசாலம் ஒரு சம்புடத்தை மறந்துவிட்டு வந்ததால் கார் பாதி வழியில் திரும்பி வருகிறது. திரை மறுபடி மாட்டப்படுகிறது. தமிழ் வருகிறது. லட்சுமணன் கண் கலங்குகிறார். நல்ல முடிவு. ஆனால் விசாலம் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

ஆ) முதல் தடவை நின்றதுமே ஒருவன் எழுந்து, “என் போன்ல வந்த சத்தம்தான், நான்தான் பொய் சொன்னேன்,” என்கிறான். நேரம் மூன்று பதின்மூன்று. கார் வர இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. இந்த முடிவுதான் எல்லாவற்றிலும் எளிது. இதற்கு வேண்டியது என்னைப் போல் இல்லாத ஒருவன் மட்டும்.

இ) அவன் கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறான். நாலு மணி பத்துக்கு.

மூன்றாவது நடந்தது.

வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். போனைத் திருப்பிக் காட்டினேன். சௌபர்ணிகா அதைப் பிடுங்கி மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கட்டுரையின் தலைப்பு வந்ததும் நின்றாள்.

“உன்னைக் கழட்டிக் கவர்ல போடணும்,” என்றாள். “காரணம்னு எழுத இடம் பத்தாது.”

தாஹா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“எத்தனை சிரிப்பு?”

“நாப்பத்தொண்ணு.”

“பரவாயில்லை. அன்னைக்கு எண்ணூறு பேரு.”

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைக் கவரை எடுத்து நீட்டினார். “எழுதி உள்ள போடு. என்ன நடந்துச்சு, தேதி, காரணம். பெட்டி மேல தப்பு இல்லைன்னு அடுத்துத் திறக்கிறவனுக்குத் தெரியணும்ல. ஒரு வரி போதும்.”

ராமநாதனிடம் அனுமதி கேட்டோம். “பேப்பர்தான? போட்டுக்க. அது பங்குல சேராது,” என்றார்.

11

ஒரு வரியில் வரவில்லை. ‘போன் சத்தம்’ என்று எழுதினால் போன் மேல் பழி. ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் பொய். நான் ரொம்பக் கவனமாகத்தான் இருந்தேன். ‘ஆதித்தன்’ என்று என் பெயரை மட்டும் எழுதினால், அடுத்துத் திறக்கிறவன் அதை ஒரு பாகத்தின் பெயர் என்று நினைப்பான். ஒவ்வொன்றாக விளக்கப் போய் இது இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இதைக் கவருக்குள் மடித்தால் கணினியின் மூடி மூடாது.

அந்தப் பதினேழு தட்டலில் என்ன எழுதினார் என்று தாஹாவிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை, “நீதான் எழுதுற ஆளாச்சே. எழுதிக்க,” என்றார். 1989இல் வந்திருக்க வேண்டிய வரவேற்பாக இருக்கலாம். லட்சுமணனுக்கு ஒரு பதிலாக இருக்கலாம். தன் பெயராக இருக்கலாம். நான் எதைப் போட்டாலும் அது என் சரக்காகிவிடும், அதற்கு நாற்பத்தொரு பேர் சிரித்தாலும் சிரிப்பார்கள். எனவே போடவில்லை. எண்ணிக்கையை மட்டும் உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். பதினேழு, பிறகு பெரிய விசை. திரை இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது.

நேற்று ஞாயிறு. கடைக்குப் போனேன். சௌபர்ணிகா ஒரு பிரஷ்ஷை மட்டும் என் பக்கம் தள்ளினாள். மத்தியானம் வரை ஒரு விசைப்பலகையின் விசைகளைத் தேய்த்தேன். அறுபத்திரண்டு விசை. வீட்டுக்கு வந்து இந்தக் கதையை முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தேன்.

[கழற்றியது: பகுதி 1, முதல் பத்தி முழுதும். தேதி: சித்திரை 29. காரணம்: சூடாகிறது, பக்கத்துப் பாகங்களைக் கெடுக்கிறது. பதிலுக்குப் போட்டது: இன்னும் கிடைக்கவில்லை. எறிய வேண்டாம்.]